ஓவர்பர்டன் என்பதை 'மேல்மண்' என்று எழுதலாமா?

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'ஓபி'. ஓவர்பர்டன் என்பதன் சுருக்கம். கரிப் படுகைக்கு மேலே கிடக்கும் மண், மணல், களி, பாறை எல்லாமே ஓபிதான். நெய்வேலியில் பல இடங்களில் 50 மீட்டருக்கும் கூடுதலாகத் தோண்டிய பிறகே பழுப்பு நிலக்கரி கண்ணில் படும். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் ஓபியை அள்ளியாக வேண்டும். பெயர்தான் கரிச் சுரங்கம். அள்ளுவதில் பெரும்பங்கு மண்.

'பர்டன்' என்றால் சுமை. 'சுமத்தல்' என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையோடு உறவுடைய சொல். நாம் வடமொழியிலிருந்து வாங்கிக்கொண்ட 'பாரம்' பிறந்ததும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில்தான். 'மேற்பாரம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் தெரியாமலேயே சொல்லை அதன் பங்காளி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள்! இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஆற்றுப் படுகைகளைத் தோண்டித் தகரம் எடுத்தவர்களும், தகரத்துக்கு மேலே கிடந்த வெற்று மண்ணைப் 'பர்டன்' என்றே அழைத்தார்கள். வேண்டிய பொருளை அடையவிடாமல் மேலே உட்கார்ந்திருக்கும் சுமை என்பது சுரங்கக்காரரின் பார்வை. அந்த மண்ணில் உழுதவரின் பார்வை அதில் இல்லை.

தமிழில் இதற்குப் பேச்சிலும் செய்திகளிலும் பரவலாக வருவது 'மேல்மண்'. எளிய சொல், வாயில் நிற்கிறது. ஆனாலும் இந்த இடத்துக்கு அது தவறான சொல் என்பேன். வேளாண்மையில் மேல்மண் என்பது மக்கும் நுண்ணுயிரும் விதையும் கலந்த, அரையடி ஒரு அடி ஆழமுள்ள வளமான அடுக்கு. சுரங்கத் திட்டத்தில் முதல் வேலையே அந்த அடுக்கைத் தனியாக வழித்தெடுத்து, அதிக உயரமில்லாத குவியலாக வைத்து, பயறு வகைச் செடிகளை விதைத்து உயிரோடு காப்பதுதான். கடைசியில் சீர்செய்த நிலத்தின்மேல் அதைத்தான் பரப்புவார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தில் 'மேல்மண் அகற்றிக் கொட்டப்படும்' என்று இருந்தால், கூட்டத்துக்கு வந்த உழவர் என்ன நினைப்பார்? தன் வயலின் வளத்தையே குப்பையில் போடப்போகிறார்கள் என்றுதான். அப்படி நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

ஆகவே டாப்சாயில் எனப்படும் அந்த வளமான அடுக்குக்கு மட்டும் 'மேல்மண்' இருக்கட்டும். ஓவர்பர்டன் பூமிக்குள் கலையாமல் இருக்கும்வரை 'மேற்படிவு' எனலாம். நிலக்கரிப் படிவு என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அதன் மேலே உள்ள படிவு. தோண்டிக் கொட்டிய பிறகு அது 'கொட்டுமண்'. குவிந்தால் 'கொட்டுமேடு'.

ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்கலாம். தோண்டியதும் அது வேறு பொருளாகிவிடுகிறது. கட்டுக்கோப்பு குலைந்து, நூற்றுக்கு இருபது முப்பது பங்கு பருமன் கூடி உப்பிவிடும். தண்ணீர் எளிதாக உள்ளே இறங்கும். அடுக்குகளும் தலைகீழாகும்: முதலில் எடுத்தது மேட்டின் அடியில் போகும், ஆழத்திலிருந்து கடைசியில் வந்தது உச்சியில் உட்காரும். ஆழத்துப் பாறையில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருந்தால் காற்றும் மழையும் பட்டு அமில நீர் கசியும். எந்த அடுக்கை எங்கே புதைப்பது என்று முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் கழிவுத் திட்டத்தின் உயிர்நாடி. தொடக்கத்தில் குழிக்கு வெளியேதான் கொட்ட முடியும். கரி எடுத்த இடம் போதுமான அகலமானதும் உள்ளேயே கொட்டிக்கொண்டு போகலாம்.

சரிவுக்கும் கணக்கு உண்டு. இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் கொட்டுமேட்டின் சரிவு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது என்கின்றன. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிக்கட்டுபோல அடுக்கடுக்காக அமைக்க வேண்டும். ஜார்க்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று கொட்டுமண் சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

கூடவே வரும் 'ரெக்லமேஷன்', அதாவது தோண்டிய நிலத்தை மீண்டும் சீர்செய்வது என்பதை 'நிலமீட்பு' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் நிலமீட்பு என்றால் ஆக்கிரமிப்பை அகற்றுவதோ அடமானத்தைத் திருப்புவதோதான் நினைவுக்கு வரும். 'நிலச் சீராக்கம்' போதும். இதற்கான செலவைச் சுரங்கம் ஓடும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது 2009இல் வந்த சுரங்க மூடல் வழிகாட்டுதல். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

ஓவர்பர்டனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வரும் 'மேற்சுமை' என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நெய்வேலியிலேயே அதற்குச் சரியான இடம் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மேல்நோக்கி முட்டும் ஊற்று நீர்ப்படுகை உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு துளைத்தபோது கரிய துணுக்குகளை மேலே கொண்டுவந்தது ஊற்று நீர்தான். மேலே மண் இருக்கும்வரை அதன் எடை அந்த நீரை அமுக்கி வைக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் குழியின் தரையே பொங்கி உடையும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே கரியில் கை வைக்கிறார்கள். இதை விளக்கும் இடத்தில் 'மேற்படிவு' என்று எழுதினால் பாதிப் பொருள்தான் வரும். 'மேற்சுமை' என்றே எழுத வேண்டும்.