காலிபர்: விட்டமா, தோட்டா வகையா?

அமெரிக்கத் தொடர்களுக்குத் தமிழில் வசன வரி போடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. பாத்திரம் 'பாயிண்ட் தர்ட்டி எய்ட்' என்று சொல்லும், கீழே '.38 மி.மீ. துப்பாக்கி' என்று ஓடும். 0.38 மில்லிமீட்டர் என்பது இங்கே சிங்கப்பூரில் பாப்புலர் புத்தகக் கடையில் வாங்கும் ஜெல் பேனாவின் முனை! அந்த .38 அங்குலக் கணக்கு, மில்லிமீட்டரில் 9.65 வரும். ஆனால் நிஜத் தோட்டாவில் குண்டு அந்த அளவில்கூட இருக்காது, அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் பொருள். காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதில் போகும் குண்டின் விட்டத்துக்கும் அதே சொல்தான். குழப்பம் இங்கேயே ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒன்று இல்லை. அண்மைக் காலத்தில் ராணுவத்தில் நேஷனல் சர்வீஸ் (கட்டாயச் சேவை) போய் வந்தவர்கள் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைத் தெரியாமல் இருக்க முடியாது; 5.56 மி.மீ. என்பார்கள். குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கச் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு நடுவே அளந்தால்தான் 5.56. குண்டோ சுமார் 5.7 மி.மீ., பள்ளத்தையும் அடைத்துக்கொண்டு இறுக்கமாகப் போக வேண்டுமே.

சொல்லின் பூர்வீகம் அரபு என்பதுதான் பரவலான கருத்து. 'காலிப்' என்றால் அங்கே அச்சு, வார்ப்பு. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் செருப்புத் தைப்பவரின் கால் வடிவ மரக்கட்டை, நேர்ப்பொருளில் 'மரக்கால்'. அரபிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு செய்த காலத்தில் அச்சின் அளவுதான் குண்டின் அளவு, குண்டின் அளவுக்கு ஏற்றதுதான் குழல், ஆகவே அச்சுக்கான சொல் அளவுக்கு ஆகிவந்ததில் ஆச்சரியம் இல்லை. துவாஸ் பக்கம் பட்டறைகளில் கம்பியின் கனம் பார்க்க எடுக்கிறார்களே வெர்னியர் காலிப்பர், அதுவும் இதே சொல்லின் கிளைதான்.

'துப்பாக்கி' துருக்கிய மொழியிலிருந்தும் 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்தும் வந்தவை, அதனால் காலிபரை மட்டும் வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை. தமிழில் வேண்டுமென்றால் 'குழல் விட்டம்' சரி, 'துளை விட்டம்' என்றாலும் புரியும். வேட்டைத் துப்பாக்கியின் அளவைச் சொல்லும் '12 bore'ஐ '12 போர்' என்று எழுதுவது மட்டும் வேண்டாமே, பன்னிரண்டு யுத்தம் நடந்தது மாதிரி இருக்கிறது. போதாததற்கு அந்த 12 விட்டமே இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்கு ஏற்ற உருண்டை எத்தனை வரும் என்ற கணக்கு.

சரி, 'குழல் விட்டம்' எல்லா இடத்திலும் பொருந்துமா? பொருந்தாது. தற்காப்புக்கான சின்ன ரிவால்வருக்கு எந்தக் காலிபர் நல்லது என்று அமெரிக்கர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். (இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும், யாரையாவது காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி மரண தண்டனை.) அவர்கள் முக்கியமாக ஒப்பிடுவது .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு தோட்டாக்களை. அதை 'எந்தக் குழல் விட்டம் நல்லது' என்று மொழிபெயர்த்தால் கேள்வியே செத்துப்போகும், ஏனென்றால் இரண்டிலும் குண்டு ஒரே விட்டம், சுமார் 9.1 மி.மீ.! .38 என்பது பழைய கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் குண்டும், வெடிமருந்தை அடைத்த பித்தளைக் கூடும் ஒரே பருமனாக இருந்தன, பிறகு குண்டைக் கூட்டுக்குள் செருகும் முறை வந்ததும் குண்டு இளைத்தது, பெயர் இளைக்கவில்லை. .357தான் குண்டின் நிஜ அளவு.

அப்படியானால் வித்தியாசம் எதில்? கூட்டின் நீளத்திலும் உள்ளே எழும் அழுத்தத்திலும். மேக்னத்தின் கூடு மூன்றரை மி.மீ. போல நீளம், அதனால் .38 ரிவால்வரில் தோட்டா போடும் அறையில் முழுசாக இறங்காது. அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு, ஏனென்றால் மேக்னத்துக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சாதாரண .38ஐப் போல இரண்டு மடங்கு. எதிர்ப்பக்கம் பிரச்சினையில்லை, மேக்னம் ரிவால்வரில் .38 தாராளமாகப் போகும். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழலில் மேக்னத்தைச் சுட்டால் வெடிமருந்தில் ஒரு பகுதி குழலைத் தாண்டித்தான் எரியும். தீப்பிழம்பும் சத்தமும்தான் மிச்சம், கைக்கு நல்ல உதை வேறு. அரை கிலோகூட இல்லாத துப்பாக்கியில் அந்த உதைக்கு, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, அந்த அறைகள் உள்ள சிலிண்டரைச் சுற்றவிடாமல் முடக்குவதும் உண்டு. எனக்கென்னவோ இந்த வாதத்தில் .38 பக்கம் நிற்பவர்கள்தான் நிதானமாகப் பேசுகிறார்கள் என்று படுகிறது. நம் ஊர் போலீஸ் இடுப்பில் நீண்ட காலம் இருந்த டாரஸ் ரிவால்வரும் ஐந்து தோட்டா கொள்ளும் .38 ஸ்பெஷல்தான். உதை தாங்காதவர்களுக்கு .32 உண்டு, சில சின்ன ரிவால்வர்களில் அது ஐந்துக்குப் பதில் ஆறு கொள்ளும். .22 இன்னும் மென்மை, ஆனால் அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பில் இருப்பதால் சில நேரம் வெடிக்காமல் ஏமாற்றும்.

ஆக, இந்த இடத்தில் காலிபருக்குத் 'தோட்டா வகை' என்பதே சரியான தமிழ். அளவைச் சொல்லும்போது குழல் விட்டம், தேர்வைச் சொல்லும்போது தோட்டா வகை. 'அவர் நல்ல காலிபர் உள்ள ஆள்' என்னும்போது விட்டமும் இல்லை, தோட்டாவும் இல்லை, 'தகுதி' அல்லது 'திறன்' போதும்.

பீரங்கிக்காரர்களின் கணக்கு வேறு. சிங்கப்பூரில் உருவாக்கிய எஃப்எச் 2000 பீரங்கியை '155 மி.மீ., 52 காலிபர்' என்பார்கள். 155தான் விட்டம். 52 என்பது குழலின் நீளம், அதாவது விட்டத்தைப் போல 52 மடங்கு, எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதைக் '52 குழல் விட்டம்' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. 'குழல் நீளம் விட்டத்தைப் போல 52 மடங்கு' என்று விரித்தே எழுதிவிடலாம், இடம் இல்லையென்றால் காலிபர் காலிபராகவே இருக்கட்டும்.