மதகு இல்லாத ஏரிகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில் ஐஸ் பார் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கும்போது ஒரு மூலை உடைந்து மண்ணில் விழும், அதை யாரும் எடுக்க மாட்டார்கள். போன வாரம் அப்படி ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். அடியில் மணல், மீன் செதில், உமி எல்லாம் அப்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் துண்டு கரைந்து சுருங்கிவிட்டது, ஆனால் முதலில் அது கிடந்த விளிம்பில் ஒரு அழுக்கு வளையம், நடுவில் சின்னப் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். மலைப் பனி கரையும்போதும் ஏறக்குறைய இதுதான் மிஞ்சுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஐஸ் துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது, பனியாறு நகரும். ஆண்டுக்கணக்கில் விழும் பனி அமுங்கி, கெட்டிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்குகிறது. பாறை வெடிப்புக்குள் போன நீர் உறைந்து கல்லைப் பெயர்க்க, பெயர்ந்த கல் பனியின் அடியில் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள் மாதிரி கீழே இருக்கிற பாறையைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆறு அறுத்த பள்ளத்தாக்கு பெரும்பாலும் V போல் ஒடுங்கியிருக்கும், பனி தேய்த்தது U போல் அகன்றிருக்கும். அதோடு, ஆற்றால் முடியாத ஒரு வேலையைப் பனி செய்யும். வழியும் மட்டத்துக்குக் கீழேயும் பாறையைத் தோண்டிக் கிண்ணமாக்கும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக் கிண்ணத்தைத் தோண்டியதில் பெரும்பங்கு பனிக்குத்தான். அதன் ஆழமான இடம் கடல் மட்டத்துக்கும் 200 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது.

பனியாறு 'பின்வாங்குகிறது' என்று படித்ததும் அது திரும்பி மலையேறுவதாக நினைத்துவிடக் கூடாது. பின்வாங்கும்போதும் பனி கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. சம்பளம் மாதாமாதம் வந்தும் செலவு கூடினால் கையிருப்பு குறைகிறதே, அதே கணக்குதான்: வந்து சேர்வதைவிடக் கரைவது அதிகம், அதனால் நுனி மேலே தள்ளிப் போகிறது. கொண்டுவந்த கல்லும் மண்ணும் மட்டும் பழைய நுனியில் குவியலாக நிற்கும். அந்தக் குவியலுக்குப் பெயர் மொரைன். தென்பெண்ணை நம் ஊருக்கு வருவதற்குள் கூழாங்கல்லை எல்லாம் வழியிலேயே விட்டுவிட்டு மணலைத்தான் கொண்டுவருகிறது, ஆறு சலித்துத்தான் தரும். பனிக்குச் சலிக்கத் தெரியாது. வீடு அளவு பாறையிலிருந்து மாவு போன்ற தூள் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அந்த மாவு நீரில் மிதப்பதால்தான் பனி ஏரிகள் பால் கலந்த பச்சைநீலமாகத் தெரிகின்றன.

இப்போது மொரைனுக்கும் பனி நுனிக்கும் நடுவில் கரைந்த நீர் தேங்கினால்? ஏரி. நமக்கு ஏரி என்றால் என்னவென்று தெரியும். சோழர் காலத்து வீராணத்தைப் பாருங்கள்: மண்ணைக் கொட்டி இறுக்கின கரை, நீரை எடுக்க மதகு, மிஞ்சினது வழியக் கலங்கல். மொரைன் ஏரிக்கும் கரை உண்டு, ஆனால் இறுக்க ஆள் இல்லை, மதகு இல்லை, கலங்கலும் இல்லை. போதாததற்கு அந்தக் கரைக்குள்ளேயே பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கலாம். அது கரைந்தால் கரை உள்ளிருந்தே தாழும். மேலேயிருந்து ஒரு சரிவு ஏரிக்குள் விழுந்தால் போதும், அலை கரைமேல் ஏறி அறுத்துவிடும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் 2023 அக்டோபர் 3 இரவு அப்படித்தான் நடந்தது. பக்கவாட்டில் உறைந்து நின்ற மொரைன் சரிந்து ஏரிக்குள் விழ, சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து முன்கரையை உடைத்தது. வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர். வீராணத்தின் கொள்ளளவு 1.465 டிஎம்சி, அதாவது ஏறக்குறைய 4.15 கோடி கன மீட்டர். முழு வீராணமும் ஒரே இரவில், அதுவும் செங்குத்தான மலைப் பள்ளத்தாக்கில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணை அடித்துக்கொண்டு போய்விட்டது.

என்ன செய்யலாம்? நம் பாட்டன்மார் செய்ததைத்தான். நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கத்தில் இம்ஜா என்று ஒரு ஏரி, 1960 வாக்கில் பனியின் மேல் சில குட்டைகளாக இருந்தது, அப்புறம் ஒரு சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2016இல் நேபாள ராணுவம் அங்கே மொரைனை வெட்டி, வாய்க்கால் எடுத்து, மதகு வைத்து, நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் இறக்கியது. உயரம் சுமார் 5,000 மீட்டர். மூச்சு வாங்கும் என்பதால் ஒரு நாளில் சில மணி நேரம்தான் மண்வேலை நடந்ததாம்.