முதல் ராத்திரியே பஃபேக்கு ஓடாதீர்கள்

கப்பல் டூர் போய்விட்டுத் திரும்பும் மதுரைக் குடும்பங்கள் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் நல்லா இருந்துச்சு, சாப்பாடுதாங்க சரியில்ல." எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதிலும் ஒன்றுதான்: நாலு ராத்திரியும் மேல்தளத்து பஃபே. கீழே டைனிங் ரூம் இருந்ததே, போகவில்லையா? "அதுக்குத் தனிக் காசுன்னு நினைச்சோம்."

இந்தக் கோடை லீவு முடிந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டிக்கெட் கொடுக்கும்போது வாயால் சொல்வது விமானம் ஏறுவதற்குள் மறந்துவிடுகிறது. எழுதி வைத்தாலாவது நிற்கிறதா பார்ப்போம்.

மெயின் டைனிங் ரூமுக்குத் தனிக் காசு கிடையாது. நீங்கள் கேபினுக்குக் கட்டிய பணத்திலேயே அது அடக்கம். தினமும் மூன்று வேளை பஃபே எப்படி அடக்கமோ அப்படித்தான் இதுவும். ராயல் கரீபியன் மாதிரியான கம்பெனிகளின் கப்பல்களில் ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் டிப்ஸ் கணக்கில் ஏறுகிறது. அந்தத் தொகையில் டைனிங் ரூமில் பரிமாறுகிற வெயிட்டரின் பங்கும் இருக்கிறது. நீங்கள் போனாலும் கட்டுகிறீர்கள், போகாவிட்டாலும் கட்டுகிறீர்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, பந்தியில் இலை போட்டிருக்க, வாசலில் காபி டம்ளரோடு நின்றுவிட்டுத் திரும்புவதற்குச் சமம் இது.

ஏன் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். வாசலில் சரவிளக்கு, மேசையில் வெள்ளைத் துணி, தட்டுக்கு இரண்டு பக்கமும் நாலைந்து கரண்டி முள்கரண்டி, கறுப்புக் கோட்டு போட்டவர் கேபின் நம்பர் கேட்கிறார். 'பில் எங்கேயோ ஏறப் போகிறது' என்று மனசு சொல்லிவிடுகிறது. கேபின் நம்பர் கேட்பது எந்த மேசை என்று பார்க்க, பில் போட அல்ல. ஸ்டார்ட்டர், மெயின், டெஸெர்ட் என்று மூன்று சுற்று வரும். ஒரு ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லையா, இன்னொன்று கேளுங்கள். இரண்டு டெஸெர்ட் வேண்டுமா, கேளுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

காசு ஏறுவது எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு "ஏமாத்திட்டாங்க" என்று வரக்கூடாது. மது, கோலா வகையறா. பாட்டில் தண்ணீர்: "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்டால் பெரும்பாலும் அது விலைக்கு வரும் பாட்டில். "ரெகுலர் வாட்டர், வித் ஐஸ்" என்று சொன்னால் குவளையில் சும்மா வரும், குடிக்கத் தகுந்த தண்ணீர்தான். மெனு அட்டையில் சில அயிட்டங்களுக்குப் பக்கத்தில் மட்டும் விலை போட்டிருக்கும், லாப்ஸ்டர் மாதிரி. விலை போடாதது எல்லாம் உங்களுடையது. அவ்வளவுதான் கணக்கு. இதற்குமேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அடுத்த பயம் கோட்டு சூட்டு. முதல் ராத்திரி கோட்டு வேண்டாம். துறைமுகத்தில் நீங்கள் கொடுத்த பெரிய பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், சில நேரம் எட்டு மணிகூட ஆகும். இது கப்பல்காரர்களுக்குத் தெரியாதா? அதனால்தான் முதல் இரவு உடை 'கேஷுவல்'. சட்டை பேன்ட், சுடிதார், சேலை எல்லாம் சரி. கைலி, நீச்சல் உடை, வெறுங்கால், கையில்லாத பனியன் மட்டும் வேண்டாம். எல்லோரும் விசேஷத்துக்கு மாதிரி உடுத்தி வருகிற ஃபார்மல் நைட் பெரும்பாலும் இரண்டாம் நாள் வரும். அன்றைக்கும் பீரோவில் இருக்கிற ஒரு பட்டுச் சேலை போதும், கடை கடையாக ஏறி கவுன் வாங்க வேண்டியதில்லை.

இனி நேரம். இதில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடும், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். டைனிங் ரூமில் பொதுவாக இரண்டு பந்தி: முதல் பந்தி ஐந்தரை ஆறு வாக்கில், இரண்டாவது எட்டு மணி வாக்கில். ஐந்தரை என்றால் மதுரையில் மதியம் மூன்று. சாப்பிட்ட சாம்பார் சாதம் இன்னும் வயிற்றில் கனக்கிற நேரம். எட்டு மணி என்றால் நம் வயிற்றுக்கு ஐந்தரை, வடையும் காபியும் கேட்கிற நேரம். இரண்டில் எட்டு மணிப் பந்திதான் நமக்குத் தேவலை. புக் செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். சும்மா விட்டுவிட்டால் காலியாக இருக்கிற பந்தியில் போட்டுவிடுவார்கள்.

பந்தியே வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வருகிறோம் என்று ஒரு வகை உண்டு. ராயல் கரீபியனில் அதற்கு மை டைம் டைனிங் என்று பெயர். கைக்குழந்தை இருந்தால் அது வசதி. ஆனால் முதல் ராத்திரி ஆறரையிலிருந்து ஏழரைக்குள் போய் நின்றால் வரிசை நீளும். முன்கூட்டியே கப்பல் கம்பெனியின் மொபைல் ஆப்பில் நேரம் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் எட்டு மணிக்கு மேல் போங்கள்.

நடுராத்திரி சமாசாரம் ஒன்று. தூங்கா நகரத்துக்காரர்கள் நாம். பதினொரு மணிக்கும் கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள். அந்த நினைப்பில் "பசிக்கல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதல் ராத்திரி டெக்கில் உலாத்தினால், கப்பல் நேரம் பதினொன்றரைக்கு, அதாவது நம் வயிற்றின் ஒன்பது மணிக்கு, கபகபவென்று பசிக்கும். பஃபே ஒன்பது, ஒன்பதரைக்கே மூடியிருக்கும். மிஞ்சுவது பீட்ஸா கவுன்டரும் காபி கடை சாண்ட்விச்சும்தான். கேபினுக்கு வரவழைத்தால் பல கப்பல்களில் அதற்கு டெலிவரி காசு தனி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் போடும் பெரியவர்களுக்கு இந்த இரண்டரை மணி நேர இடைவெளி விளையாட்டல்ல. எந்த நேரத்துக்கு எந்த டோஸ் என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. கைப்பையில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து கிளம்பும் கார்டிலியா எம்பிரஸ் கப்பலுக்கு இந்த நேரக் குழப்பம் கிடையாது. சாப்பாடும் இந்தியச் சாப்பாடுதான், ஜெயின் உணவுகூட உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: கப்பலேறுகிற அன்று காலை வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போகாதீர்கள். அது எழும்பூர் போய்ச் சேரவே பிற்பகல் ஆகிவிடும். முந்தின ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் போதும்.

சரி, ஏன் முதல் ராத்திரியே டைனிங் ரூம்? இரண்டாம் நாள் போனால் ஆகாதா? ஆகும், ஆனால் பாதி லாபம் போய்விடும். பந்தி முறையில் உங்களுக்கென்று ஒரு மேசை, அதே வெயிட்டர், அதே உதவி வெயிட்டர், கடைசி நாள் வரை. அவர்களுக்கு மேலே நாலைந்து மேசைப் பகுதிகளைக் கவனிக்கிற ஹெட் வெயிட்டர் ஒருவர் இருப்பார். அவரை முதல் ராத்திரியே பிடித்துப் பேச வேண்டும். நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று இன்றைக்குக் கேட்டுப் போகிறவர் அவர்தான். பெரிய கப்பல்களின் சமையலறையில் இந்தியச் சமையல்காரர்கள் சாதாரணமாகவே இருப்பார்கள். தால், சீரக சாதம், சப்பாத்தி, ஒரு காய்கறிக் கூட்டு முதல் நாளே சொன்னால் மறுநாள் மேசைக்கு வரும். சொல்லாவிட்டால் மெனுவில் இருக்கிற ஒரே ஒரு இந்தியச் சைவ அயிட்டம்தான், பெரும்பாலும் பனீர். சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். வெறும் சாதமும் ப்ளெயின் யோகர்ட்டும் கேளுங்கள், மேசையிலேயே தயிர்சாதம் பிசைந்துகொள்ளலாம், உப்பு அங்கேயே இருக்கும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டை அடக்கம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். சீன, தாய் வகைக் காய்கறி வறுவலில் ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் போடுவது வழக்கம். சீஸர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைபட்டிருக்கும். ஆடுகிற மாதிரி வரும் புட்டிங், மூஸ் வகைகளில் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. ஆகவே வரிசையாகச் சொல்லுங்கள்: "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ மீட் ஸ்டாக், நோ ஜெலட்டின்." பால், தயிர், வெண்ணெய் சாப்பிடுவீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாலும் தொடாத வீகன் என்று நினைத்துத் தயிரைக்கூட நிறுத்திவிடுவார்கள். ஜெயின் உணவோ வேர்க்கடலை மாதிரியான அலர்ஜியோ இருந்தால் ஹெட் வெயிட்டர் வரை காத்திருக்கக் கூடாது, புக் செய்யும் அன்றே எழுத்தில் போக வேண்டும்.

கூட்டுக் குடும்பமாகப் பன்னிரண்டு பேர் போகிறீர்களா? நாலு கேபினுக்கு நாலு புக்கிங் நம்பர் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் சித்தப்பா ஒரு மூலையிலும் அப்பத்தா இன்னொரு மூலையிலும் உட்கார வேண்டியதுதான். விட்டுப்போயிருந்தால், கப்பலேறிய மதியமே டைனிங் ரூம் வாசலில் மேசை மாற்ற உட்கார்ந்திருப்பார்கள், போய்க் கேளுங்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வந்து சண்டை போட்டால் நடக்காது.

கப்பலேறியதும் பஃபே வாசல் பக்கம் புன்னகையோடு ஒருவர் நிற்பார்: "டுநைட் ஒன்லி, ஸ்பெஷல் டிஸ்கவுன்ட்." தனிக் காசு வாங்குகிற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டுக்கு ஆள் பிடிக்கிறார். முதல் ராத்திரி அங்கே கூட்டம் இருக்காது, அதனால் தள்ளுபடி. மோசடி இல்லை, வியாபாரம். ஆனால் சொல்கிற விலைக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் உண்டு. ராயல் கரீபியனில் 18 சதவீதம். ஆளுக்கு 50 டாலர் என்றால் நாலு பேருக்கு 200 அல்ல, 236. அதுவும் ஸ்டீக் ஹவுஸ் என்றால் முக்கியமாக மாட்டுக்கறி. தெப்பன்யாகி என்கிற ஜப்பானியச் சமையல் என்றால் இறாலும் இறைச்சியும் வேகிற அதே இரும்புத் தட்டு. தயிர்சாதப் பார்ட்டி அங்கே போய் 236 டாலருக்கு உருளைக்கிழங்கு தின்றுவிட்டு வரலாம். அசைவம் ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல இடம்தான், அவர்கள் போகட்டும்.

மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் பஃபேயில் விழுவார்கள். கேபின் ஒரு மணி வாக்கில்தான் திறக்கும், கைப்பையோடு தட்டையும் தூக்கிக்கொண்டு இடம் தேடுவீர்கள். பரவாயில்லை, கொஞ்சமாகச் சாப்பிட்டு எழுந்திருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தட்டை எடுங்கள். வாசலில் வைத்திருக்கிற ஜெல் மட்டும் போதாது. கப்பலில் வயிற்றுப்போக்கு பரப்புகிற நோரோவைரஸ் ஜெல்லுக்குச் சரியாக அடங்காது.

சாப்பாட்டுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று: பாதுகாப்புப் பயிற்சி. இப்போது பல கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்த இடத்துக்குப் போய் கார்டைக் காட்டினால் போதும், ஐந்து பத்து நிமிஷம். "அப்புறம் போகலாம்" என்று கேபினில் படுத்துவிடுகிறார்கள், பிறகு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவு அருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான். அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அப்போது விதி, ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி என்றிருந்தது. 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ கட்டாயம். இதில் சலிப்புக் காட்டாதீர்கள்.

குமட்டல் வருகிற உடம்பா? அதற்கும் கீழ்த்தள டைனிங் ரூம்தான் நல்லது, ஆட்டம் கீழே குறைவு. மேல்தளத்து பஃபேயில் அதிகம். கப்பலின் நடுப்பக்கமாக மேசை கேளுங்கள். எண்ணெய்ப் பலகாரமும் வயிறு முட்டச் சாப்பாடும் முதல் ராத்திரி வேண்டாம். மாத்திரை எடுப்பதானால் தலை சுற்றிய பிறகு அல்ல, கப்பல் கிளம்பும் முன்பே.

கடைசியாக, அந்தக் கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், வீட்டில் பொரித்த கறி என்று எதுவும் கப்பலில் ஏறாது, ஸ்கேனரில் பார்த்து எடுத்துவிடுவார்கள். எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் தீ அபாயம் என்று பறிமுதல், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுபோகவே கூடாது. முறுக்கு, பிஸ்கட், ஊறுகாய் சாஷே, இட்லிப்பொடி ஆகியவை கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் பிரச்சினை வராது. ஊறுகாய் சாஷே நாலு கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தயிர்சாதத்துக்கு வேண்டும்.