லாக்ரோஸ் வகுப்பில் முதலில் கற்பிக்க வேண்டியது இடைவெளி

மட்டையின் நுனியிலுள்ள வலையால் பந்தைப் பிடித்து, ஏந்தி ஓடி, எதிரணியின் கோலுக்குள் எறியும் குழு ஆட்டம்தான் லாக்ரோஸ். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் என்னிடம், லாக்ரோஸ் பாடம் தொடங்கும் ஒவ்வொரு ஆண்டும் பெற்றோர் சிலர் கேட்பது, "கையில் மட்டையைக் கொடுத்து ஓடவிட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள மாட்டார்களா?" என்பதுதான். இந்த அச்சம் நியாயமானது. ஆண்களுக்கான திடல் லாக்ரோஸில் உடலால் மோதுவதும் எதிராளியின் மட்டையைத் தட்டுவதும் விதிக்கு உட்பட்டவை. அங்கே பயன்படும் கெட்டியான ரப்பர் பந்தின் எடையும் 140 கிராமுக்குக் குறையாது. பள்ளி வகுப்பில் மென்மையான பந்தையும் பிளாஸ்டிக் தலை கொண்ட குட்டை மட்டையையும் பயன்படுத்துகிறோம். மோதலுக்கு அனுமதியே இல்லை. ஆனாலும் கருவியை மாற்றுவதால் மட்டும் பிள்ளைகள் பாதுகாப்பாகிவிடுவதில்லை என்பதை வகுப்பறை அனுபவம் எனக்கு உணர்த்தியிருக்கிறது.

என் வகுப்புகளில் நான் கண்ட அடிகளில் பெரும்பாலானவை கோலை நோக்கி எறியும்போது பட்டவை அல்ல. பந்து தரையில் விழுந்ததும் ஐந்தாறு பிள்ளைகள் ஒரே இடத்தில் குவிந்து, தலையைக் குனிந்துகொண்டு மட்டையால் துழாவும் அந்தச் சில நொடிகளில்தான் விரலிலும் நெற்றியிலும் அடி படுகிறது. அந்தக் கூட்டத்தை விசில் ஊதிக் கலைத்தாலும், எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாத பிள்ளை அடுத்த நொடியே மீண்டும் பந்தை நோக்கித்தான் ஓடும். ஆகவே இடைவெளியை அறிந்து நிற்பது ஆட்ட உத்தியாக இருப்பதோடு, பாதுகாப்புக்கும் அதுவே அடிப்படையாகிறது.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கிரேடிலிங் எனப்படும் அசைவை மூன்று வகுப்புகள் தொடர்ந்து கற்பித்தேன். ஓடும்போது பந்து வலையிலிருந்து நழுவாதபடி மணிக்கட்டைச் சுழற்றி மட்டையைத் தொட்டில் போல ஆட்டுவதே கிரேடிலிங். நான்காவது வகுப்பில் ஆட்டம் தொடங்கியதும், எதிராளி அருகே வந்தால் பந்தை எவரிடம் கொடுப்பது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் பந்தைச் சுற்றிக் கூட்டம்தான் கூடியது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கர், தோர்ப் ஆகிய இருவரும் 1982-இல் முன்வைத்த அணுகுமுறை, ஆட்டத்தின் சிக்கலை முதலில் மாணவருக்குக் காட்டிவிட்டு, அதைத் தீர்க்கும் திறனை அதன் பிறகு கற்பிக்கச் சொல்கிறது. என் பாடத் திட்டத்தை அந்த வழியில் மாற்றி அமைத்தேன்.

இப்போது முதல் வகுப்பிலேயே ஏறக்குறைய பத்து மீட்டர் சதுரத்துக்குள் இருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்துகிறேன். மட்டைகூட வேண்டாம், கையால் எறிந்து பிடித்தால் போதும். பந்தை வைத்திருப்பவர் தடுப்பவரைத் தன் பக்கம் இழுத்து, அவர் நெருங்கி வந்த பிறகே பந்தைக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் தடுப்பவர் திரும்பி ஓடிவிடுவார். துணை ஆட்டக்காரர் தடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்காமல், பந்தும் தானும் நேர்கோட்டில் தெரியும் இடத்துக்கு நகர வேண்டும். இடையிடையே ஆட்டத்தை நிறுத்தி, அனைவரும் நின்ற இடத்திலேயே நிற்க, "இப்போது உனக்கு யார் தெரிகிறார்?" என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பிள்ளைகள் தலையை நிமிர்த்திப் பார்க்கப் பழகுகிறார்கள். அடுத்து மூவருக்கு எதிராக இருவர் என்று விரிக்கும்போது, பந்தைக் கொடுத்தவர் நின்றுவிடாமல் வெற்றிடத்துக்கு ஓட வேண்டும் என்பதைத் தாங்களாகவே கண்டுகொள்கிறார்கள்.

மட்டையைக் கையில் கொடுத்த பிறகு, தரைப்பந்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஓர் அணியிலிருந்து ஒருவர் மட்டுமே பந்தருகே செல்லலாம். அவர் "பந்து" என்று உரக்கச் சொன்னதும் மற்றவர்கள் விலகிப் பரவ வேண்டும். எடுக்கச் செல்பவர் முழங்காலை மடக்கி, பின்கையைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு ஒட்டி வைத்து, ஓட்டத்தை நிறுத்தாமல் பந்தை அள்ள வேண்டும். நின்றுகொண்டு தன் பக்கமாக வாரி இழுப்பவரின் முதுகு வளைகிறது, முகம் மற்றவர்களின் மட்டைகளுக்கு நடுவே போய்விடுகிறது.

இடைவெளிக்கும் பாதுகாப்புக்கும் உள்ள இந்த உறவைப் பெண்கள் லாக்ரோஸ் தன் விதிகளிலேயே பதிந்து வைத்திருக்கிறது. எதிராளியின் தலையைச் சுற்றிய கற்பனைக் கோளத்துக்குள் மட்டை நுழையக் கூடாது. கோலை நோக்கி எறியப் போகிறவருக்கும் கோலுக்கும் இடையிலான பாதையை, அருகில் ஓர் எதிராளியைத் தடுக்கும் நிலையில் இல்லாமல் வெறுமனே அடைத்து நிற்பதும் குற்றம். கலப்பு வகுப்புக்கு இந்த விதிகளே பொருந்தும் என்பது என் கருத்து. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறும் சிக்ஸஸ் வடிவமும் வகுப்புக்கு ஏற்றதே. அணிக்கு அறுவர் மட்டுமே என்பதால் எவரும் ஓரமாக ஒதுங்கி நிற்க முடியாது.

இந்த ஆட்டம் யாருடையது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் பல் மருத்துவராக இருந்த ஜோர்ஜ் பியர்ஸ் 1867-இல் விதிகளைத் தொகுப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, ஹோடனோசோனி உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் இதை, உலகைப் படைத்தவர் தந்த ஆட்டமாகவும், நோய் தீர்க்கும் ஆட்டமாகவும் ஆடி வந்தார்கள். ஹோடனோசோனிக் கூட்டமைப்பின் ஆறு தேசங்களைச் சேர்ந்தோர் ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையில் இன்றும் வாழ்கிறார்கள். வகுப்பில் அவர்களின் சடங்குகளை நடித்துக் காட்டுவது முறையல்ல. வரலாற்றை மரியாதையோடு சொன்னாலே போதும்.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தால், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்று மீண்டும் ஆட விடுவதில்லை. ரக்பி ஆட்டத்தில் பட்ட அடியால் 2013-இல் உயிரிழந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற மாணவியின் பெயரால், மூளை அதிர்ச்சி தொடர்பான சட்டமொன்று 2018-இல் ஒன்ராறியோவில் நிறைவேறியது. பெற்றோர் தங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் எந்த வகைப் பந்தைப் பயன்படுத்துகிறீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், தரைப்பந்துக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.