மீன்குஞ்சின் இதயமும் ஆற்றுச் சேற்றின் எண்ணெயும்

நொய்யல் ஆறு என்றாலே நமக்குச் சாயக்கழிவுதான் பேச்சு. 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட கதை திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். சாயம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சண்டை நடந்தது. எண்ணெய் அப்படியில்லை. லாரிப் பட்டறையில் சிந்திய கருப்பு ஆயில், மழைக்குச் சாக்கடையில் இறங்கி, ஓடைப்பள்ளம் வழியாக ஆற்றுக்கு வருகிறது. மேலே மினுங்கும் படலம் சில நாளில் மறைந்துவிடும். சரி, போய்த் தொலைந்தது என்று நினைக்கிறோம்.

லேசான பகுதி ஆவியாகிவிடும், உண்மைதான். கனமானது வண்டலோடும் மக்கிய தழையோடும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. அதில் விஷமானவை, பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்த பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். இன்ஜினில் ஓடி ஓடிப் பழசான ஆயிலில் இவை புது ஆயிலைவிட அதிகம். தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பு கிடைத்தால் விடாது.

மீன்முட்டையின் மஞ்சள் கருவில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. வளர்ந்த மீன் உள்ளே போனதைக் கல்லீரலில் சிதைத்துப் பித்தத்தோடு வெளியேற்றும். கருவுக்கு அந்த வசதி இன்னும் சரியாக அமையவில்லை. எல்லா மீனுக்கும் ஆபத்து ஒரே மாதிரி இல்லை: விரால் முட்டை மிதக்கும், சாதாக் கெண்டையின் முட்டை பாசியிலும் செடியிலும் ஒட்டிக்கொள்ளும், ரோகு முட்டை அடிக்கு இறங்கும்.

முதலில் அடி வாங்குவது இதயம். ஆய்வகங்களில் பார்ப்பது பெரும்பாலும் கெண்டைக்கு உறவான வரிக்குதிரை மீன். அதன் கரு கண்ணாடிபோல் இருப்பதால், கருவுற்று ஒரு நாளில் துடிக்கத் தொடங்கும் இதயத்தை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். ஃபினாந்திரீன் போன்ற மூன்று வளையச் சேர்மங்கள் இதயச் செல்லின் பொட்டாசியம் வாயில்களை அடைத்து, கால்சியம் ஓட்டத்தையும் குலைக்கின்றன. துடிப்பு மந்தமாகும், தாளம் தப்பும். ரத்தம் சரியாக ஓடாமல் இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும். தாடையும் முதுகும் கோணலாவதில் ஒரு பங்கு இந்த இதயக் கோளாறின் பின்விளைவு.

வெயில் இன்னொரு கெடுதல். உடலில் இந்தச் சேர்மம் ஏறிய கருமேல் புற ஊதாக் கதிர் பட்டால், அதே அளவு விஷம் பல மடங்கு வேலை செய்யும். கலங்கலில்லாத ஆழங்குறைந்த நீரில் இது மோசம். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் ஓடைகளின் கூழாங்கல் இடுக்கில் தங்கி, சில ஆண்டுகள் கழித்தும் சால்மன் முட்டைகளைக் கொன்றது. கனடாவின் அத்தபாஸ்கா ஆறு, இயற்கையாகவே கெட்டி எண்ணெய் ஊறிக் கிடக்கும் தார்மணல் படுகையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மனிதன் எதையும் கொட்டாத இடத்துச் சேற்றில் பொரிய வைத்த குஞ்சுகளிலும் ஊனமும் சாவும் கூடின. ஆகவே "இயற்கையாக வந்தது" என்பதால் எண்ணெய் சாதுவாகிவிடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது செத்த குஞ்சு இல்லை, பிழைத்த குஞ்சு. கருவில் மிகக் குறைந்த அளவு எண்ணெய் பட்டுப் பார்வைக்கு நன்றாகவே வளர்ந்த மீன்களின் இதய வடிவம் மாறியிருந்தது, வேகமாக நீந்த முடியவில்லை. அப்படிப்பட்டது கொக்குக்குத்தான் இரை. செத்து மிதக்கும் மீனை எண்ணும் கணக்கில் இது வரவே வராது.

அப்புறம் காலம் ஒன்று இருக்கிறது. ஆடியில் புதுத்தண்ணி வந்ததும்தான் பல கெண்டை இனங்கள் முட்டையிட ஏறும். அடியில் அமர்ந்த சேற்றைக் கிளப்புவதும் அதே வெள்ளம்தான். எனவே தூர் வாருவதை ஆறு வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியிலேயே முடிப்பது நல்லது. ஆயில் வாடை அடிக்கும் வண்டலை வயலுக்கு அடிக்காமல் தனியே ஒதுக்க வேண்டும். பரிசோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பவர்கள் அடிச்சேற்றிலும் ஒரு கை அள்ளிக்கொண்டு போகட்டும்.