ரைவல்: ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன்

இறச்சகுளத்தில் அக்கா வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் தரையில் சாய்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் குத்துச்சண்டை, தமிழ் வர்ணனையோடு. "பரம எதிரிகள் இருவரும் மீண்டும் மோதுகிறார்கள்" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைசி மணி அடித்தது. அதுவரை ஒருவர் மூக்கை ஒருவர் பெயர்க்கப் பார்த்த இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, தோளில் முகம் புதைத்து நின்றார்கள். அக்கா மகனுக்கு அது பொறுக்கவில்லை.

"மாமா, பரம எதிரின்னு சொல்லுகான். எதிரிய எவனாவது கெட்டிப்பிடிப்பானா?"

"இங்கிலீஷ்ல ரைவல்னு இருந்திருக்கும் மக்கா. அத இவன் எதிரியாக்கிட்டான்."

"அப்பம் ரைவலுக்குத் தமிழ் என்ன?"

எனக்கும் வாயில் வந்தது எதிரிதான். விழுங்கிவிட்டேன். சாயங்காலம் பேருந்து புத்தேரிக் குளத்தைத் தாண்டும்போது, குளத்தைப் பார்த்த பிறகுதான், இந்தச் சொல்லின் பிறப்பே தண்ணீரில்தானே என்று நினைவு வந்தது.

லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். அதிலிருந்து 'ரீவாலிஸ்': நான் தண்ணீர் எடுக்கும் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இன்னொருவன். கவிஞர் யாரோ கற்பனையில் கட்டிய உவமை என்று எண்ண வேண்டாம். ரோமானியச் சட்டத் தொகுப்பில், ஒரே கால்வாயில் நீர் கொண்டுபோகிறவர்களுக்குள் தகராறு வந்தால் என்ன செய்வது என்று சொல்லுமிடத்தில், அந்தப் பாசனக்காரர்களுக்கு இதுதான் பெயர். லத்தீன் நாடகக்காரர்கள் சொல்லை வயலிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்து, ஒரே பெண்ணின் மேல் ஆசை வைத்த இரண்டு பேரை அப்படி அழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அங்கேயும் பழைய வாசனை உடனே போய்விடவில்லை. ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு காவல்காரன், தன்னோடு சேர்ந்து இரவுக் காவல் நிற்க வரவேண்டியவர்களை 'ரைவல்' என்கிறான். சீக்கிரம் வரச் சொல் என்கிறான். அங்கே பகை ஒன்றும் இல்லை. ஒரே வேலையில் பங்குள்ளவர்கள், அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. ஆற்றைக் குறிக்கும் 'ரிவர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது கரை என்று பொருள்படும் 'ரீபா' என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிச்சுப் போடுகிற ஆசை நம்மிடமும் நிறைய உண்டு.

ரோமாபுரிக்காரன் சொன்னதை நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் தோவாளைக் கால்வாய், அனந்தனாறு என்று கிளை பிரிந்து வயல்களுக்கு வருகிறது. ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்தால், மேல்மடைக்காரன் வயல் நிறைந்து வழியும். கடைவரம்பில் இருப்பவன் வானத்தைப் பார்ப்பான். எங்கள் பாட்டா முறைத் தண்ணீருக்காக நடுச்சாமத்தில் ராந்தலும் மம்பட்டியுமாகப் போவார். ஒரு நாள் பக்கத்து வயல்காரர் மடையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்று நடந்த பேச்சை எழுத முடியாது. காலையில் இரண்டு பேரும் ஒரே சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அணையில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் பரிமாறியது பாட்டாதான். தஞ்சாவூர்க்காரனோடு பாட்டாவுக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, வர வழியும் இல்லை. வாய்க்கால் வேறு.

இந்தப் பொருளைத் தமிழில் எந்தச் சொல் தாங்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

எதிரி என்பதன் வேர் குற்றமற்றது. எதிரே நிற்பவன் என்பதுதான். ஆனால் வழக்கில் அது பகைவனாகத் தடித்துவிட்டது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் முதல் எதிரி, இரண்டாம் எதிரி. அதற்கு முன்னால் 'பரம' என்று வேறு ஒட்டினால், மேடையில் இருப்பவர் விளையாட்டு வீரரா வில்லனா என்றே தெரியாது. எதிராளி இன்னும் தேவலாம். அன்றைய ஆட்டத்தில் எதிரே நிற்பவரை அது சரியாகச் சொல்கிறது. ஆட்டம் முடிந்தால் உறவும் முடிந்தது. போட்டியாளர் என்பது போட்டிக்குப் பெயர் கொடுத்த எல்லாருக்கும் பொது, கொஞ்சம் விண்ணப்பப் படிவ வாடை அடிக்கும்.

இகல் என்ற பழஞ்சொல்லின் மேல் எனக்குக் கண் உண்டு. சின்னச் சொல், தலைப்புக்குப் பொருந்தும். ஆனால் வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, முதல் குறளிலேயே நோய் என்று சொல்லிவிட்டார். குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் நடுவில் கடைசியில் வளர்ந்தது அதுதான். தடை விழுந்து அலி மேடை ஏற முடியாதிருந்த காலத்தில் அவருக்காகப் பேசியவர் ஃப்ரேசியர். பிறகு அலி அவரை மனிதக்குரங்கு என்று கேலி செய்தார், அந்தப் புண் ஃப்ரேசியருக்குப் பல ஆண்டுகள் ஆறவில்லை. எல்லாப் போட்டியும் அங்கே போய் முடிவதில்லை. ஆகையால் இகலைப் பொதுச்சொல்லாக வைக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது மாற்றான். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்ற குறளில் வருவது. குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துச் சுவரில் எழுதிப் போடலாம். 'தூக்கி' என்றால் எடைபோட்டு. எடைப் பிரிவு பார்த்து மோதவிடும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைக்காது. துணைவலி என்பது மூலையில் வாளியும் துண்டுமாக நிற்கும் பயிற்சியாளர். 1975 அக்டோபரில் மணிலாவில் மூன்றாவது முறையாக அலியும் ஃப்ரேசியரும் மோதியபோது, 14 சுற்று முடிந்து ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை. போதும் என்று 15ஆம் சுற்றுக்கு அவரை எழவிடாமல் நிறுத்தியவர் பயிற்சியாளர் எடி ஃபட்ச். அந்தத் துணையும் ஒரு வலிமைதான். மாற்றான் என்ற சொல்லில் எனக்கு ஒரே ஒரு சிக்கல்: பெண்பாலில் மாற்றாள் என்று எழுதினால் சக்களத்தி ஆகிவிடுகிறாள். லத்தீன் நாடகக்காரர்கள் போன அதே தெருவுக்குத் தமிழும் தனியாக நடந்து போயிருக்கிறது பாருங்கள். மாற்றார் என்று பலர்பாலில் எழுதினால் தப்பிக்கலாம்.

'ஸ்ட்ராட்டஜி'க்கு ஊடகங்கள் போடும் வியூகத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். வியூகம் என்றால் படை அணிவகுப்பு. ஒற்றைக்கு ஒற்றை நிற்கிற இடத்தில் அணி ஏது என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் கிரேக்கச் சொல்லின் வேரிலும் படைத்தலைவன்தான் இருக்கிறான், ஆகவே பெரிய குற்றம் சொல்ல முடியவில்லை. என் கைக்கு உத்தி போதும். சூழ்ச்சி என்ற சொல்லைத்தான் நாம் வீணாக்கிவிட்டோம். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் அதற்கு ஆராய்ந்து எண்ணுதல் என்ற நல்ல பொருள்தான். இன்றைக்கு ஒரு வீராங்கனையின் சூழ்ச்சி என்று எழுதினால் அவர் வழக்குப் போடுவார். நம் குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலை சொல்லித்தரும் ஆசான்மார் இந்த எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு, சுவடு என்று கால் வைக்கும் முறையில் தொடங்குவார்கள். எதிரே நிற்கிறவன் வலது காலை முன்வைக்கிறானா இடது காலையா என்று பார்க்கச் சொன்னால் பாதி உத்தி அதிலேயே வந்துவிடும்.

உத்திக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மேன் அடித்து அடித்து ஓயட்டும் என்று அலி கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொண்டே இருந்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று குறளில் காலமறிதல் அதிகாரத்தில் வருவது இதுதான். என்னைக் கவர்ந்தது வேறொரு சங்கதி. அந்தச் சண்டை அங்கே விடியற்காலை 4 மணி வாக்கில் நடந்தது. அமெரிக்காவில் திரை முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இரவு நேரமாக அமைய வேண்டும் என்பதற்காக. அணை திறப்பவன் நேரத்துக்குத்தான் வயல்காரன் எழுந்து போக வேண்டும்.

2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி கன்டென்டர்' என்ற போட்டி வந்தது. சில்வெஸ்டர் ஸ்டலோனும் சுகர் ரே லெனார்டும் நடத்தியது. 16 பேர், ஒரே எடைப் பிரிவு, எல்லாரும் ஒரே கூரையின் கீழ். சமையல், குளியல், பயிற்சி எல்லாம் சேர்ந்துதான். பரிசு பத்து லட்சம் டாலர், ஒருவருக்கு மட்டும். இரண்டு அணியாகப் பிரித்து ஒரு பந்தயம் வைப்பார்கள். ஜெயித்த அணி தன்னில் ஒருவரை இறக்கி, எதிரணியில் யாரோடு மோதுவது என்பதையும் தானே முடிவு செய்யும். தோற்றவர் பெட்டியைக் கட்ட வேண்டும். பலவீனமானவரைப் பொறுக்கி எடுப்பதா, பலசாலியை முதலிலேயே கழித்துவிடுவதா? வியூகம் என்ற சொல் குத்துச்சண்டையில் நேர்ப்பொருளில் உட்கார்ந்த இடம் இது ஒன்றுதான். அல்ஃபோன்சோ கோமெஸ் என்பவர் பெரிய கையாகக் கருதப்பட்ட பீட்டர் மான்ஃப்ரெடோவை முதல் சண்டையிலேயே கேட்டு வாங்கி, தோற்கடிக்கவும் செய்தார். மான்ஃப்ரெடோ பிறகு திரும்ப அழைக்கப்பட்டு, அரையிறுதியில் அதே கோமெஸை வென்று, இறுதிச் சுற்றில் செர்ஜியோ மோராவிடம் தோற்றார். காலையில் ஒரே அடுப்பில் முட்டை பொரித்தவர்கள் சாயங்காலம் முகத்தில் குத்திக்கொள்வதுதான் அந்த நிகழ்ச்சியின் சரக்கு. லத்தீன் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக ஒரு ரீவாலிஸ் வீட்டைக் கட்டியிருக்க முடியாது.

நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. மேரி கோம், நிகத் ஜரீன். ஒரே நாடு, ஒரே 51 கிலோ பிரிவு, ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குப் போக இருந்ததோ ஒரே ஓர் இடம். தனக்கும் வாய்ப்பு வேண்டும், தேர்வுப் போட்டி வையுங்கள் என்று நிகத் வெளிப்படையாகக் கேட்டார். 2019 டிசம்பரில் டெல்லியில் போட்டி நடந்தது. மேரி கோம் 9–1 என்று வென்றார், கை கொடுக்காமல் இறங்கிப் போனார். 2022, 2023 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வாங்கினார் நிகத். வெளிநாட்டு வீராங்கனை யாரோடும் இத்தனை கசப்பு எழுந்திருக்காது. தண்ணீர் வந்தது ஒரே மடையில்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பங்காளி. பங்கை ஆள்பவன். கூட்டாளி என்றும் பொருள், சொத்தில் உரிமையுள்ள தகப்பன்வழிக் குடும்பத்தார் என்றும் பொருள். சென்னையில் தோளில் கை போட்டு 'பங்காளி' என்பார்கள். கிராமத்தில் பங்காளிச் சண்டை என்றால் வரப்பு, கிணறு, வழக்கு. பங்கு இருப்பதால் உறவு, அதே பங்கு இருப்பதால் தகராறு. ரீவாலிஸின் இரண்டு முகமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தாயாதியும் இதே வகைதான். பலர் நினைப்பதுபோல அது தாயிலிருந்து வந்த சொல் இல்லை. தாயம், அதாவது வாரிசுச் சொத்து, அதில் உரிமையுள்ளவன். (சொத்து சகோதரி மகனுக்குப் போகும் மருமக்கள்வழி இருந்த நாஞ்சில் நாட்டில் இந்தச் சண்டை மகனுக்கும் மருமகனுக்கும் நடுவில் போனது. கவிமணி அதைத் தனிக் காவியமாகவே எழுதிச் சிரிக்க வைத்தார்.)

புறநானூற்றில் கோவூர் கிழார் இரண்டு சோழர்களுக்கு நடுவில் போய் நிற்கிறார். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி. உன் தலையில் இருப்பதும் ஆத்திமாலை, உன்னோடு பொருகிறவன் தலையில் இருப்பதும் ஆத்திமாலை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். அதையே அலி – ஃப்ரேசியர் முதல் சண்டையில் திருப்பிப் பார்க்கலாம். 1971 மார்ச் 8, நியூயார்க். இருவருக்கும் பேசிய தொகை ஆளுக்கு 25 லட்சம் டாலர், சரிபாதி. 15ஆம் சுற்றில் ஃப்ரேசியரின் இடது கைக் குத்தில் அலி விழுந்து எழுந்தார். ஃப்ரேசியர் வென்றார். யார் தோற்றாலும் பங்கு குறையவில்லை.

செய்தி எழுதுகிறவர்களுக்கு என் கணக்கு இது. ஓர் ஆட்டத்தில் எதிரே நிற்பவருக்கு எதிராளி. கொஞ்சம் மிடுக்கு வேண்டுமானால் மாற்றார். ஒரே பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மோதும் இரண்டு பேருக்குள் இருப்பது பங்காளிச் சண்டை. 'பங்காளிகள் மோதல்' என்று மொட்டையாகத் தலைப்புப் போட்டால் மட்டும், பூதப்பாண்டிப் பக்கம் எங்கேயோ வெட்டுக்குத்து என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் சுருக்கி அன்றிரவே மருமகனுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். கேட்டுவிட்டு ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்:

"அப்பம் நம்ம பெரியப்பாவ அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுல பாக்கும்போ கெட்டிப்பிடிக்கணுமா மாமா?"