நாட்டுப் பன்றிப் பண்ணைக்கு மானியம்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பன்றிப் பண்ணை தொடங்க மத்திய அரசு 50 சதவீத மூலதன மானியம் தருகிறது. 50 பெண் பன்றியும் 5 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். 100 பெண், 10 ஆண் என்றால் 30 லட்சம். மீதியை வங்கிக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ போட வேண்டும். நிலம் வாங்குவது, வாடகை, சொந்த வண்டி, நடைமுறைச் செலவு எதற்கும் மானியம் கிடையாது.

தனிநபர், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என யாரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாநில அரசு பரிசீலித்து அனுப்பும். பணம் சிட்பி எனப்படும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியாக இரண்டு தவணையில் வரும்.

சரி, நாட்டு இனத்தை வளர்க்க நினைப்பவர்கள் அந்த 10 ஆண் பன்றிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மந்தையின் மரபணு வளம் எவ்வளவு என்று தெரியும். 10, 100, 4 மூன்றையும் பெருக்கினால் 4000. 110-ஆல் வகுத்தால் 36. கொட்டிலில் 110 பன்றி நின்றாலும், மரபு வகையில் அது 36-க்குத்தான் சமம். சின்னப் பண்ணைக்கு 18தான். குறைந்தது 50 வேண்டும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். 10 ஆண்களும் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்து, நாளடைவில் ஈற்றுக்குக் குட்டி குறையும், பிறந்ததில் பிழைப்பதும் குறையும்.

ஆகவே ஆண் பன்றிகளை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தாய்களிடமிருந்து வாங்குங்கள். எங்கே வாங்கியது என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஆனால் 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்த பிறகு, வெளியிலிருந்து உயிருள்ள பன்றியைக் கொண்டுவருவதே ஆபத்தாகிவிட்டது. அந்த நோய்க்கு மருந்து இல்லை. வந்த பன்றியைத் தனியே கட்டி வைத்துக் கவனிக்காமல் மந்தையில் விடவே கூடாது. நல்ல மந்தையின் விந்து கிடைத்தால் செயற்கைக் கருவூட்டல் மேல். ஆனால் திரவ விந்தை 17 டிகிரியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

கலப்பினம் போதாதா என்று கேட்பார்கள். குவாஹாத்தி பன்றி ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'ராணி' கலப்பினத்தில் பாதி ஹாம்ப்ஷயர், பாதி வடவங்கத்தின் குங்ரூ. முகத்தை மறைக்கிற பெரிய காதும் கருத்த உடம்புமாக, சமையல் மிச்சத்தையும் வயல் கழிவையும் தின்று வளர்கிற நாட்டுப் பன்றி இந்தக் குங்ரூ. தமிழ்நாட்டின் காட்டுப்பாக்கத்தில் உருவான பன்றி ரகத்திலும் கால் பங்கு நாட்டுப் பன்றிதான். நாட்டு இனம் தீர்ந்துபோனால் கலப்பதற்கே எதுவும் இருக்காது.

உங்கள் பகுதிப் பன்றிக்குப் பெயரே இல்லையா? ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இனங்களைப் பதிவு செய்கிறது. குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, நாகாலாந்தின் டென்யி வோ, நிக்கோபாரி எல்லாம் அப்படிப் பதிவானவைதான். பதிவான இனங்கள் 2019 முதல் அரசிதழிலும் வருகின்றன. எந்தெந்த ஊர்களில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, உடல் அளவுகள், ஈற்றுக்கு எத்தனை குட்டி, ஆண்–பெண் படங்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு முதலில் உங்கள் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். மூன்று நான்கு பன்றி மட்டும் வைத்திருப்பவர்களின் மந்தையையும் இந்தக் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.